அடைப்புக்குள் இருக்கிற எல்லோரும்

ஒரு கழித்தல் கணக்குக்காக ஒரு மனுஷியால் இவ்வளவு கோபப்பட முடியும் என்று அந்த டீச்சரைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. நானும் கணக்கு வாத்தியார்தான். அப்போதே பதினான்கு வருடம் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்திருந்தேன். பிள்ளைகள் தப்பாகப் போடும், நாம் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி இழுப்போம், அடுத்த பேப்பரை எடுப்போம். இதில் கோபத்துக்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

தக்கலைப் பக்கம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிரிவு. ஏ பிரிவு எனக்கு, பி பிரிவு அவருக்கு. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் பாடம் எடுத்தால் என் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டியதுதான், அப்படி ஒரு குரல். இரணியலிலிருந்து பஸ்ஸில் வருவார். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும், அதை விரித்து நான் பார்த்ததில்லை. வேறொருவர் எழுதிய கரும்பலகையைக் கேட்காமல் அழிக்க மாட்டார். ஏதாவது ஒரு வகுப்பில் என் பீரியடு முடிந்து அவர் உள்ளே வந்தால், "சாரே, அழிச்சுக்கிடட்டா?" என்று கேட்டு, நான் தலையாட்டிய பிறகுதான் டஸ்டரை எடுப்பார். பலகையில் இருப்பது வெறும் தேதியாக இருந்தாலும் கேட்பார்.

பல்லுறுப்புக் கோவைகளைக் கழிப்பது பெரிய வித்தை இல்லை. அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு மைனஸ் நின்றால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு உறுப்பின் குறியும் மாறும். கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும். பிள்ளைகள் என்ன செய்யும் என்றால், முதல் உறுப்புக்கு மட்டும் குறியை மாற்றிவிட்டு மீதியை அப்படியே இறக்கி எழுதிவிடும். எல்லா வருடமும், எல்லா வகுப்பிலும் வருகிற தப்பு இது.

டீச்சர் இரண்டாவது கோவையை முதலாவதற்குக் கீழே எழுதுவார். x²க்கு நேர் கீழே x², xக்கு நேர் கீழே x. ஏதாவது ஓர் உறுப்பு இல்லாமல் இருந்தால் அதற்கும் இடம் விட்டுப் பூஜ்யம் போடுவார். பிறகு சிவப்புச் சாக்பீஸை எடுத்து ஒவ்வொரு குறிக்கும் அடியில் மாற்றுக் குறியை எழுதி வட்டம் போடுவார். ஒரு வட்டம் போட்டு ஒரு பையனைப் பார்ப்பார், அடுத்த வட்டம் போட்டு அடுத்தவனைப் பார்ப்பார்.

"மைனஸு நடையில நின்னுட்டுப் போவப்பட்ட ஆளு இல்ல மக்கா. உள்ள ஏறிப் போயி ஒவ்வொருத்தரையா பாத்துட்டு வரணும். வாசல்ல நிக்கவன மட்டும் பாத்துட்டுத் திரும்பினா, வந்ததாட்டு ஆவுமா?"

வருடத்துக்கு நூறு முறையாவது இதைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருப்பேன். பேப்பர் திருத்தும்போதும் வெறுமனே தப்புப் போட மாட்டார். குறி மாறாமல் விடப்பட்ட உறுப்புக்குப் பக்கத்தில், 'இவனை ஏன் விட்டாய்?' என்று தமிழில் எழுதுவார். ஆங்கில வழிப் பள்ளியில் இப்படி எழுதலாமா என்று ஓர் அப்பா வந்து சண்டை போட்டார். முதல்வர் கூப்பிட்டு விசாரித்ததற்கு, "கேள்வி செரிதான சார்?" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பீரியடுக்குப் போய்விட்டார்.

அவரை எனக்குப் பிடிக்கும் என்று எழுதினால் அது பாதிப் பொய். ஒரு நாள் வகுப்பில் நான்கு பேர் குறியைத் தப்பாகப் போட்டார்கள் என்பதற்காக நாற்பது பேரையும் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் உட்கார வைத்திருந்தார். கடைசிப் பையன் சரியாகப் போடும்வரை யாரும் எழும்பக்கூடாது. நான் பொறுக்க மாட்டாமல் போய், "பிள்ளைய பசியோட இருக்கு டீச்சர், முப்பத்தாறு பேரு என்ன தப்பு செஞ்சாவ?" என்று கேட்டேன். "நாலு பேர விட்டுட்டு அவியளுக்கு எப்படி சார் சோறு எறங்கும்?" என்றார். நன்றாகவே இறங்கும் என்பதுதான் உண்மை. அன்று எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

முதல்வர் மகளின் கல்யாணம் தோவாளையில் நடந்தது. பள்ளி வேன் ஏற்பாடாகியிருந்தது. எல்லோரும் ஏறி உட்கார்ந்து டிரைவர் வண்டியைக் கிளப்பப் போகிறார், டீச்சர் படியில் காலை வைத்துக்கொண்டு நிற்கிறார். மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. என்ன என்று கேட்டால், வகுப்பறை கூட்டுகிற இரண்டு ஆயாம்மாக்களும் வரவில்லையாம். அவர்களை யாரும் வண்டிக்கு வரச் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

"கார்டுல என்ன எழுதியிருக்கு? ஆசிரியர்கள், அலுவலர்கள் அனைவரும்னு எழுதியிருக்கா இல்லியா? அப்ப அவிய ரெண்டு பேரும் எங்க?"

ஆயாம்மாக்கள் வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றி வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை டீச்சர் படியிலேயே நின்றார். நாங்கள் தோவாளை போய்ச் சேர்ந்தபோது தாலிகட்டு முடிந்து முதல் பந்தியும் முடிந்திருந்தது. இரண்டாம் பந்தியில் எங்களுக்கு அடைப்பிரதமன் தீர்ந்துபோய்ப் பருப்புப் பாயசம்தான் கிடைத்தது. அந்த வயிற்றெரிச்சலில் வேன் திரும்பி வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். அவர் முன்சீட்டில் ஆயாம்மாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு வருடா வருடம் நூறு சதவீதத் தேர்ச்சி. வாசலில் பிளக்ஸ் வைத்திருப்பார்கள். நூறு சதவீதம் வாங்குவதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. தோற்கக்கூடிய பிள்ளையைப் பத்தாம் வகுப்புக்கே வரவிடாமல் செய்ய வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் கணக்கில் ஐம்பதுக்குக் கீழே போனால் பெற்றோரைக் கூப்பிடுவார்கள். பிள்ளைக்கு இங்கே கஷ்டமாக இருக்கிறது, வேறு பள்ளியில் நன்றாக வருவான் என்று சொல்லி டி.சி.யைக் கையில் கொடுப்பார்கள். ஒன்பது வருடம் ஃபீஸ் வாங்கும்போது வராத அக்கறை அந்த ஒரு மத்தியானத்தில் பொங்கி வழியும். நாங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தலையை ஆட்டுவோம். நானும் ஆட்டியிருக்கிறேன்.

அந்த வருடம் கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் வேலை எனக்கு. விடைக்குறிப்பை நாங்கள் 'கீ' என்போம். ஏ பிரிவுப் பேப்பரை அவர் திருத்த வேண்டும், பி பிரிவை நான். இது வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு, அதை வெளியே சொல்ல மாட்டோம். பேப்பர் திருத்துகிறவர்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. கீயில் கடைசி வரி என்ன, பேப்பரில் கடைசி வரி என்ன, அவ்வளவுதான். ஒன்றாக இருந்தால் சரி, இல்லாவிட்டால் தப்பு. மற்ற வகுப்புகளையும் சேர்த்து எண்பது பேப்பரை இரண்டு நாளில் வேறு எப்படித் திருத்துவது?

ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று. (4x³ + 2x² − 3x + 1) என்பதிலிருந்து (x³ − 5x² + 2x − 6) என்பதைக் கழிக்கச் சொல்லியிருந்தேன். சரியான விடை 3x³ + 7x² − 5x + 7. இரணியல் ஸ்டேஷனில் தாமதமான ரயிலுக்குக் காத்துக்கொண்டிருந்தபோது, செல்போனில் கட்டைவிரலால் கீயை அடித்தேன். நான் அடித்த விடை 3x³ − 3x² − x − 5. முதல் உறுப்புக்கு மட்டும் குறியை மாற்றிவிட்டு, மீதியை அப்படியே இறக்கியிருந்தேன். பதினான்கு வருடம் பிள்ளைகளிடம் எந்தத் தப்புக்குப் பெருக்கல் குறி இழுத்தேனோ, அதே தப்பு.

பி பிரிவுப் பிள்ளைகள் டீச்சரிடம் படித்தவர்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஒவ்வொரு குறியையும் மாற்றிச் சரியாகப் போட்டிருந்தார்கள். நான் கீயைப் பார்த்து அத்தனை பேருக்கும் வரிசையாகப் பூஜ்யம் போட்டேன். ஒரு வகுப்பே ஒரே மாதிரித் தப்புப் போடுகிறதே என்று ஒரு கணம் நின்று யோசித்திருக்கலாம். யோசித்தேன், டீச்சர் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று. உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவரோ என் பிரிவுப் பேப்பர்களைக் கீயைத் திறந்தே பார்க்காமல், ஒவ்வொரு கணக்கையும் போட்டுப் பார்த்துத் திருத்தியிருந்தார்.

மதிப்பெண் ஏற்றியாயிற்று, பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் போட்டாயிற்று. இரண்டு நாள் கழித்து டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்குள் வந்து என் மேசையில் ஒரு விடைத்தாளை வைத்தார். அபிஷா என்ற பெண்ணுடையது. ராஜாக்கமங்கலத்திலிருந்து வருகிற பிள்ளை. அப்பா கடலுக்குப் போகிறவர். நூற்றுக்கு நாற்பத்தேழு எடுத்திருந்தாள்.

"சாரே, இந்தக் கணக்க ஒருக்கா போடுங்க" என்றார்.

போட்டேன். இரண்டாவது உறுப்புக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது.

நான் திட்டை எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. "தப்பு ஆருக்கும் வரும் சார். எழும்புங்க, ஆபீசுக்குப் போவோம். இதுல மட்டும் நாலு பிள்ளைய அம்பதுக்குக் கீழ போயிருக்கு" என்றார். வகுப்பில் ஒரு குறியை மாற்றாமல் விட்டதற்கே குதிக்கிற மனுஷி, என்னிடம் அவ்வளவு பதமாகப் பேசினார்.

தாளாளர் அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. ஒன்பது வருடத் தேர்ச்சி விவரம் அவர் கைப்பட எழுதியது, ஒவ்வொரு வருடத்துக்கும் பக்கத்தில் நூறு. டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க சார். உங்க கீ தப்பா?"

ஜூன் மாதம் என்னைக் கணக்குத் துறைக்குத் தலைவர் ஆக்குவதாகப் பேச்சு இருந்தது. அது ஒரு காரணம். அவமானம் இன்னொரு காரணம். எதைச் சொன்னாலும் நான் செய்தது கேவலம்தான்.

"தப்புன்னு சொல்ல முடியாது சார்" என்றேன். "இந்தக் கணக்க ரெண்டு வழியிலயும் போடலாம்."

கணக்கில் இதைவிட அசிங்கமான ஒரு வாக்கியத்தை ஒரு வாத்தியார் சொல்ல முடியாது. டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக வெள்ளைப் பலகைக்குப் போனார். யாரிடமும் கேட்காமல் ஒன்பது வருடத்து நூறையும் கையால் அழித்தார்.

"சார், உங்களுக்குக் கணக்குத் தெரியாண்டாம். x வருத எடத்துல எல்லாம் ஒண்ணுன்னு போடுங்க. முதல் கோவை, நாலும் ரெண்டும் ஆறு, மூணு போனா மூணு, கூட ஒண்ணு, நாலு. ரெண்டாவது கோவைக்கு மைனஸ் எட்டு வருது. நாலுல இருந்து மைனஸ் எட்டக் கழிச்சா பன்னெண்டு. இனி அபிஷாக்க விடையில ஒண்ணு போட்டுப் பாருங்க, பன்னெண்டு. சாருக்க கீயில போட்டுப் பாருங்க, மைனஸ் ஆறு." மார்க்கரை மூடி மேசையில் வைத்தார். "ரெண்டு வழி இருந்தா ரெண்டும் ஒரே எடத்துலல்லா கொண்டு விடணும்?"

தாளாளர் முட்டாள் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ரிசல்ட் போட்டாயிற்று என்றார். ஒரு கேள்வியைத் திறந்தால் ஒவ்வொரு அப்பனும் ஒவ்வொரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வருவான் என்றார். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு இறங்கி வந்தார்.

"செரி டீச்சர். அந்த ராஜாக்கமங்கலத்துப் பிள்ளைக்கு மட்டும் அஞ்சு மார்க் போட்டு விட்டுருவோம். வெளிய தெரியாண்டாம்."

"மத்த மூணு பேரு?"

"அவுங்கள விடுங்க."

"விட மாட்டேன் சார். நாப்பது பேரும் ஒரே பிராக்கெட்டுக்குள்ள இருந்தாக்கும் பரிட்சை எழுதினாவ. ஒருத்திக்கு மட்டும் மாத்தினா அதுக்குப் பேரு திருத்தம் இல்ல."

ஒத்துக்கொள்ளுங்கள் டீச்சர், ஒன்றாவது மிஞ்சட்டும் என்று என் மனசு கிடந்து அடித்தது. இன்றைக்கும் இந்த விஷயத்தில் எனக்கு அவர் மேல் கோபம் உண்டு. ஒரு பிள்ளையைக் கரையேற்ற வந்த கயிற்றை அவரே அறுத்துவிட்டார். ஆனால் இப்படிக் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்த அறையில் ஒரே வார்த்தையில் நான்கு பேரையும் கரையேற்றியிருக்கக்கூடிய ஆள் நான்தான். நான் தலைக்குமேல் சுழன்ற காற்றாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று மத்தியானமே நான்கு டி.சி.யிலும் கையெழுத்து விழுந்தது.

வெளியே வராந்தாவில் டீச்சர் தன் நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"ஒரே ஒரு வரி எழுதித் தாருங்க சார். விடைக்குறிப்பு தப்புன்னு. அதக் கொண்டு கல்வி அதிகாரி ஆபீசுக்கு நான் போய்க்கிடுதேன். எழுதினா உங்க வேல போவும், தெரியும். எனக்க வேலையும் போவும். இருந்தாலும் எழுதித் தாருங்க."

"நாளைக்குத் தாறேன் டீச்சர்" என்றேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல் என்று லீவு சொன்னேன். அதற்கு அடுத்த நாளும் சொன்னேன்.

ஜூனில் நான் துறைத் தலைவர் ஆனேன். டீச்சர் வரவில்லை. அவரே நின்றுவிட்டார் என்றார்கள், நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். கணவரோடு மஸ்கட்டில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார், குலசேகரம் பக்கம் ஒரு பள்ளியில் பார்த்தேன் என்று இன்னொருவர் சொன்னார். நான் விசாரிக்கவில்லை. தாளாளர் வெள்ளைப் பலகையில் ஒன்பது நூறையும் மறுபடி எழுதி, கீழே பத்தாவது நூறையும் எழுதினார். அந்தப் பலகையை வருடத்துக்கு நாலைந்து கூட்டத்தில் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே வேலை செய்கிறேன். இதையும் எழுதிவிட வேண்டும்.

போன மாதம் ராஜாக்கமங்கலத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். நர்சிங் கல்லூரிச் சீருடையில் ஒரு பெண் எழும்பி, "சார், இரிங்க" என்று இடம் கொடுத்தாள். யாரென்று தெரியாமலேயே உட்கார்ந்துவிட்டேன். "நான் அபிஷா சார். நைன்த் பி" என்றபோது எழும்பவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

ஏழு வருடம். அரசுப் பள்ளியில் பத்தாவது எழுதியிருக்கிறாள். கணக்கில் எழுபத்தொன்பது. இப்போது நர்சிங் கடைசி வருடம். சாதாரணமாகப் பேசினாள். டீச்சரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"டி.சி. வாங்கின வாரம் டீச்சர் எங்க வீட்டுக்கு வந்தாவ சார். நாலு பேரு வீட்டுக்கும் போனாவ. டி.சி.யோட தந்த பேப்பர எடுத்துட்டு வரச் சொல்லி, நீங்க போட்ட தப்ப அடிச்சுட்டு, பச்ச மையில அஞ்சுக்கு அஞ்சு போட்டுக் கையெழுத்தும் போட்டாவ. இது ஒரு எடத்துலயும் செல்லாது மக்கா, ஆனா உனக்குத் தெரிஞ்சிருக்கணும்னாவ. இப்பவும் வெச்சிருக்கேன்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்து கேட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டா சார்? ஆபீசுல எங்க அப்பாட்ட சொன்னாவ, இந்தக் கணக்குக்கு ரெண்டு வழி உண்டு, உங்க மக பள்ளிக்கூடத்துக்க வழியில போடலன்னு. அப்பா வீட்டுக்கு வந்து என்ன அடிச்சாவ. அதுக்கு முன்ன ஒருநாளும் அடிச்சதில்ல. டீச்சர் வந்து சொன்ன பெறவும் அவிய நம்பல, டீச்சர் பாவப்பட்டுச் சொல்லுதாவன்னுட்டாவ. உண்மையிலயே ரெண்டு வழி உண்டா சார்?"

"இல்ல மக்கா" என்றேன். "ஒரே வழிதான். நீ போட்டது செரி. எனக்க கீதான் தப்பு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்பா வீட்டுல உண்டா?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழம நான் வந்து அவியட்ட சொல்லட்டா?"

"வாங்க சார். அப்பா இருப்பாவ." அவள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிப்பக்கம் நகர்ந்தவள் திரும்பி நின்றாள். "எங்க வீட்டுக்கு மட்டும் வந்தா போராது சார். மத்த மூணு பேரு வீட்டுக்கும் போவணும்."

அந்த மூன்று பேரின் பெயர் எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருந்தது. கண்டக்டர் விசில் அடிப்பதற்குள் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் எழுதிக்கொள்ளச் சட்டைப்பையில் ஒரு தாள் தேடினேன்.